எடுக்காத நோன்பு

1966 நவம்பர் 23, புதன்கிழமை, மாலை நாலு மணி இருபது நிமிடம். உன் அம்மா ஏழு கவளம் சோறு சாப்பிட்டு நாற்பது நிமிடம் ஆகிறது. ஏழு. வாய்விட்டு எண்ணவில்லை, எண்ணக் கூடாது என்று எனக்கு உத்தரவு. கண்ணால் எண்ணினேன், அதை மட்டும் நிறுத்த முடியவில்லை. எண்ணியதை எங்கேயாவது இறக்கி வைத்தால் போதும் என்றுதான் இந்தக் காகிதத்தை எடுத்தேன். பேனாவைத் திறந்த பிறகுதான் இது உனக்கு எழுத வேண்டிய கடிதம் என்று புரிந்தது.

உனக்கு இப்போது ஏழு மாதம். பக்கத்தில் பாயில் குப்புறக் கிடந்து என் பேனா மூடியை வாயில் வைக்கப் பார்க்கிறாய். நீ இதைப் படிக்கும்போது உனக்கு இருபத்தைந்து வயதுக்கு மேல் ஆகியிருக்கும், கல்யாணம் நிச்சயமாகியிருக்கும். எனக்கு ஐம்பது தாண்டியிருக்கும். வயதானவர்கள் தங்கள் தப்பைச் சொல்லும்போது கொஞ்சம் மெழுகித்தான் சொல்வார்கள், கேட்டிருக்கிறேன். நானும் அப்போது அப்படித்தான் சொல்வேன். அதனால் சூடு ஆறுவதற்குள் எழுதி, என் டிப்ளமோ சான்றிதழோடு தகரப் பெட்டியில் வைத்துவிடுகிறேன். உன் கல்யாணத்துக்கு முந்தின நாள் நானே உன் கையில் கொடுப்பேன். நல்ல வேளையில் இதையெல்லாம் கிளறுவானேன் என்று யாராவது சொன்னால், இதைப் படிக்க அதைவிட நல்ல வேளை கிடையாது என்று சொல். ஏனென்றால் நாளைக்கு உன் மனைவியும் பிள்ளை பெறுவாள். நீ என் மகன். நான் செய்ததை நீயும் செய்வாய்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். வயது இருபத்தேழு, மின்சார இலாகாவில் சூப்பர்வைசர். செஞ்சியைச் சுற்றியிருக்கிற கிராமங்களில் கம்பம் நட்டு, கம்பி இழுத்து, கிணற்று மோட்டாருக்குக் கரண்ட் கொடுப்பது என் வேலை. லைனில் கோளாறு என்றால் ஒரு முனையில் ஆரம்பித்து ஒவ்வொரு கம்பமாகச் சோதித்துக்கொண்டே போவேன். எங்கே கரண்ட் நிற்கிறதோ அங்கே கோளாறு. இந்த ஒரு வித்தையை வைத்துக்கொண்டு உலகத்தில் எதையும் சரிபண்ணிவிடலாம் என்று நம்பினேன். பொறுமை எனக்குக் கிடையாது. அது குறை என்று ஒத்துக்கொள்ள இப்போதும் முழு மனசு வரவில்லை. நான் பொறுமைசாலியாக இருந்திருந்தால் தளவானூர் கிணறுகளில் இன்னும் மாடுகள்தான் தண்ணீர் இறைக்கக் கவலை இழுத்துக்கொண்டிருக்கும். ஆனால் அந்தப் பொறுமையின்மையை வேலை முடிந்ததும் ஆபீஸ் அலமாரியில் பூட்டி வைத்துவிட்டு வந்திருக்க வேண்டும். அதை வீட்டுக்குள் கொண்டு வந்தேன்.

நாம் சமணர், மேல்சித்தாமூர் நம் சொந்த ஊர். பொழுது சாய்ந்த பிறகு நம் வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை. இது உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் செஞ்சியில் குடியிருப்பதில் ஒரு சிக்கல் உண்டு. நம் தெருவுக்கு மேற்கே ராஜகிரி மலை. பஞ்சாங்கத்தில் போட்டிருக்கிற நேரத்துக்கு முன்பே சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும். மலைக்குப் பின்னால் போனால் பொழுது சாய்ந்ததாக ஆகாது, இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது என்று நான் உன் அத்தையிடம் வாதாடுவேன். என் அக்காவைச் சொல்கிறேன். உன் அம்மாவுக்குத் தாய் இல்லாததால் பிரசவம் பார்க்க வந்து, இன்றுவரை நம்மோடு இருப்பவள். அவளுக்கு மலைதான் கடிகாரம். வெயில் மலையைத் தொட்டதும் பாத்திரத்தைக் கவிழ்த்துவிடுவாள். அந்த இருபது நிமிடத்துக்காக எத்தனையோ வாதம் செய்த நான், அந்த இருபது நிமிடத்துக்குள் ஒரு நாளாவது வீட்டுக்கு வந்து சேர்ந்தேனா என்று கேட்டால், இல்லை.

சித்திரையில் நீ பிறந்தாய். ஆடியில் அவலூர்பேட்டைப் பக்கம் வேலை ஆரம்பித்தது. பஸ் பிடித்து வீடு வந்து சேரும்போது ஏழு, ஏழரை. உன் அம்மா எனக்காகக் காத்திருப்பாள். அக்கா சாப்பிடச் சொன்னால், அவர் வந்துடட்டும் என்பாள். அவர் வருவதற்குள் பொழுது போய்விடும். பிறகு சாப்பிட முடியாது. இப்படி ஒரு வேளை, இரண்டு வேளை, பிறகு தினமும் சாயங்காலச் சாப்பாடு போயிற்று. ஆவணிக்குள் மதியச் சாப்பாடும் மோராகவும் கஞ்சித் தண்ணீராகவும் குறைந்தது. நான் வந்து, எனக்குப் பசியில்லை என்று சொல்லிவிட்டுப் படுப்பேன். அது உண்மை. எனக்குப் பசியில்லை. அவலூர்பேட்டை பஸ் நிற்கிற இடத்துக் கடையில், இருட்டிய பிறகு, நாலு மசால் வடையும் காபியும் சாப்பிட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். நாம் தொடக் கூடாத வெங்காயம் போட்ட வடை. நம் வீட்டில் ஏழு தலைமுறையாக யாரும் செய்யாத காரியம் என்று அதில் எனக்கு ஒரு திருட்டுச் சந்தோஷம்கூட இருந்தது. என் வயிறு நிறைந்திருந்ததால், வீட்டில் ஒரு வயிறு காலியாக இருப்பது எனக்குத் தெரியவில்லை. இதை நீ இரண்டாவது முறையும் படி.

புரட்டாசியில் ஒரு நோன்பு வந்தது. தெருவில் நம் ஜனங்கள் ஏழெட்டு வீட்டுப் பெண்கள் நோன்பு எடுத்தார்கள், பத்து நாளில் முடித்தார்கள். உன் அம்மா முடிக்கவில்லை. அவள் ஆரம்பிக்கவும் இல்லை என்பது யாருக்கும் தோன்றவில்லை. அக்காதான் முதலில் பெயர் வைத்தாள். மேல்சித்தாமூரிலிருந்து வந்த ஒருத்தி உன் அம்மாவின் கன்னம் ஒட்டியிருப்பதைப் பார்த்து உடம்புக்கு இன்னா என்று கேட்க, அக்கா குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "உடம்புக்கு ஒண்ணுமில்ல. உபவாசம் இருக்கிறா. பச்சை உடம்புக்காரி, நமக்கு வருமா அந்த வைராக்கியம்?" அதில் பொய் சொல்லும் எண்ணம் இல்லை. அக்கா அதை நம்பினாள். அதற்குப் பிறகு பெண்கள் வர ஆரம்பித்தார்கள். உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, போகும்போது காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போவார்கள். உன் அம்மா ஒன்றும் சொல்ல மாட்டாள். அவளுக்கு அப்போது வயது இருபத்தொன்று.

என் லைன்மேன்கூட ஒரு நாள் கம்பத்தின் மேலே இருந்துகொண்டு, "சார், உங்க வீட்ல தவம் நடக்குதாமே, நம்ம டிரான்ஸ்ஃபார்மருக்கும் கொஞ்சம் வேண்டிக்கச் சொல்லுங்க" என்றான். கீழே நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே பெருமையாகவும் இருந்தது. மறைக்காமல் சொல்கிறேன்: அது எனக்கு வசதியாக இருந்தது. நோன்பு இருக்கிற மனைவிக்கு யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். ராத்திரியும் தூங்காமல், பகலிலும் பேசாமல், பிள்ளையைப் பார்க்காமல் உட்கார்ந்திருக்கிற மனைவிக்கு ஒரு பெயர்தான் வைப்பார்கள், அந்தப் பெயர் என் வீட்டு வாசலில் விழக் கூடாது. வந்த பெண்களில் ஒருத்தி திருநாதர்குன்றைப் பற்றிச் சொன்னாள். இங்கே பக்கத்தில் பாறையில் இருபத்து நாலு தீர்த்தங்கரர்கள் செதுக்கியிருக்கிறார்களே, அங்கே ஐம்பத்தேழு நாள் உண்ணாமல் இருந்த முனிவரைப் பற்றிக் கல்வெட்டு இருக்கிறதாமே, இந்தப் பெண்ணும் விட மாட்டாள் போல என்றாள். நான் அன்றைக்குத் தேதியை வைத்துக்கொண்டு ஐம்பத்தேழிலிருந்து மனசுக்குள் கழித்துப் பார்த்தேன். அந்த முனிவர் அப்படியே உயிரை விட்டவர். அந்தக் கணக்கு எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கழித்துப் பார்த்தேன்.

ஐப்பசியில் ஒரு நாள் மழையில் மரம் விழுந்து லைன் அறுந்தது. சாமான் வரவில்லை என்று மதியம் இரண்டு மணிக்கே வீட்டுக்கு வந்தேன். அக்கா கடைக்குப் போயிருந்தாள். நீ தூளியில் அழுதுகொண்டிருந்தாய். வெகு நேரமாக அழுத தொண்டை. உன் அம்மா தூளியிலிருந்து நாலடி தள்ளி, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் வைத்துச் சுவரோடு அழுத்திக்கொண்டு நின்றாள். உன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத மாட்டேன். செவிடா என்பதுதான் அதில் மரியாதையான வார்த்தை. அவள் என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "தூக்கினா கீழ போட்டுடுவேன்னு பயமா இருக்குது. அதான் கையை மடக்கி வச்சிருக்கேன்."

எனக்கு அப்போதே எல்லாம் விளங்கிவிட்டது என்று எழுத ஆசை. விளங்கவில்லை. கோபம்தான் வந்தது. உனக்கு இன்னா குறை வச்சேன் என்று கேட்டேன். மறுநாள் டானிக் வாங்கி வந்தேன். ஒரு தாளில் கட்டம் போட்டு, காலை, மதியம், எத்தனை கவளம், எத்தனை மணி தூக்கம் என்று எழுத ஆரம்பித்தேன். சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்து வாய்விட்டு எண்ணினேன். ஒண்ணு, ரெண்டு, இன்னும் ஒண்ணு. மூன்றுக்கு மேல் ஏறவே இல்லை. நீ இதைப் படிக்கும்போது அவள் மேல் உனக்குக் கோபம் வரலாம். வேண்டாம். அவள் கையை உன்னிடமிருந்து மறைக்கவில்லை, உனக்காக மறைத்தாள். இந்த ஒரு வாக்கியம் எனக்குப் புரிய மூன்று வாரமும், வேறு ஒருவரும் வேண்டியிருந்தது.

அந்த வேறு ஒருவரை நான் தேடிப் போகவில்லை. கத்தோலிக்கக் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற சின்ன ஆஸ்பத்திரியில் மீட்டர் சரியில்லை என்று பார்க்கப் போனேன். பின்பக்க அறைக் கதவில் ஒரு பலகை: மனக்கவலை உள்ளவர்கள் வந்து பேசலாம், புதன்கிழமை பத்து முதல் இரண்டு வரை. பேசறதுக்கு ஒரு டாக்டரா என்று வாய்விட்டே சொன்னேன். உள்ளேயிருந்து ஒரு அம்மா எட்டிப் பார்த்தார். நாற்பது வயதிருக்கும், வெள்ளைக் கோட்டு கிடையாது, மருந்து வாசனை கிடையாது. வாரம் ஒரு நாள் வேலூரிலிருந்து பஸ்ஸில் வருபவர். "நான் ஊசி போடற டாக்டர் இல்லை சார், ஆனா எல்லாரும் டாக்டரம்மான்னுதான் கூப்பிடறாங்க, விட்டுட்டேன்" என்றார். அப்படியென்றால் என்னதான் செய்வீர்கள் என்று கேட்டேன். மூன்று வேலை என்றார். கேட்பேன். கேட்டதை வெளியே சொல்ல மாட்டேன். என் கைக்கு மிஞ்சினதை வேலூருக்கு, மனநல டாக்டரிடம் அனுப்புவேன். அவ்வளவுதான்.

மீட்டரை மூடிவிட்டுப் போயிருப்பேன். ஏன் நின்றேன் என்று தெரியவில்லை. ஒரு வீட்டில் ஒரு பெண் பிள்ளையைத் தூக்கப் பயப்படுகிறாள், அதற்கு என்ன செய்வீர்கள் என்று யாரோ வீட்டுக் கதை மாதிரி கேட்டேன். அவர் யார் வீடு என்று கேட்கவில்லை. அந்தப் பெண்ணை அழைத்து வரச் சொன்னார். எத்தனை வாரத்தில் சரியாகும் என்றேன். "உங்க லைன்ல என்னிக்குக் கரண்ட் வரும்னு கேட்டா தேதி சொல்லுவீங்களா?" சொல்வேன் என்றேன். "அந்தத் தேதியில வந்திருக்கா?" நான் ஸ்பேனரைப் பையில் போட்டேன்.

வீட்டில் அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. நோன்பு இருக்கிறவளைக் கன்னியாஸ்திரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதா, மதம் மாற்றிவிடுவார்கள், ஊரில் தலைகாட்ட முடியாது என்றாள். நான் பதில் சொல்லவில்லை. நான் செய்த நல்ல காரியங்களில் பாதி பதில் சொல்லப் பொறுமையில்லாமல் செய்ததுதான். நவம்பர் இரண்டாம் தேதி, புதன்கிழமை, உன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் ஏன், எங்கே என்று கேட்கவில்லை. அதுவே என்னைப் பயமுறுத்தியிருக்க வேண்டும்.

அவளை மட்டும் உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினார்கள். நான் வெளியே பெஞ்சில். ஐம்பது நிமிடம். பக்கத்தில் ஒரு பெரியவர், கிராமத்து விவசாயி, கழுத்தில் ஜெபமாலை. உங்களுக்கு இன்னா கஷ்டம் என்று கேட்டார். எனக்கு ஒண்ணுமில்லை, சம்சாரத்துக்குத்தான் என்றேன். அவர் சுருட்டை அணைத்துக் காதில் செருகிக்கொண்டு, "நானும் மொத வாரம் அப்டித்தான் சொன்னேன்" என்றார். கதவு திறந்ததும் நான் டாக்டரம்மாவிடம் கேட்ட முதல் கேள்வி, என்ன சொன்னாள் என்பது. "அவங்களையே கேளுங்க. சொன்னா கேட்டுக்குங்க. சொல்லலேன்னா விட்டுடுங்க." என் மனைவி பேசியது எனக்குத் தெரியக் கூடாதா என்று சத்தம் போட்டேன். தெரியக் கூடாது என்றார். நான் எடுத்து நீட்டிய கட்டம் போட்ட தாளைப் பார்த்துவிட்டு, அதே குரலில், அதை மடித்து வைக்கச் சொன்னார், கவளத்தை எண்ண வேண்டாம் என்றார். "அவங்க மீட்டர் இல்லை சார்."

முதல் வாரம் அவள் ஒன்றும் பேசவில்லை என்று பிறகு அவளே சொன்னாள். ஐம்பது நிமிடமும் அந்த அம்மா அவளோடு சும்மா உட்கார்ந்திருந்தாராம். உன் அம்மாவுக்கு அது பிடித்திருந்ததாம். நீ இதை நன்றாக மனசில் வைத்துக்கொள்: அவள் எதையும் செய்ய வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்காத ஐம்பது நிமிடம் அவளுக்கு நம் வீட்டில் ஒரு நாளும் கிடைக்கவில்லை. இரண்டாவது வாரம் பேசியிருக்கிறாள். என்ன என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது கம்பத்தில் தலைகீழாகத் தொங்குவதைவிடக் கஷ்டம்.

மூன்றாவது வாரம், போன புதன்கிழமை, எங்கள் இருவரையும் சேர்த்து உட்கார வைத்தார். நீ என் மடியில். டாக்டரம்மா என்னிடம் ஒரு நோட்டை நீட்டி, சாதாரணமாகச் சொன்னார்: "எனக்கு உங்க வழக்கம் தெரியாது சார். நோன்புன்னா எப்படி ஆரம்பிப்பீங்க, எப்படி முடிப்பீங்க? சொல்லுங்க, தப்பா எழுதிடுவேன், நீங்களே எழுதுங்க." எனக்குப் பாடம் நடத்தப் பிடிக்கும். ஒன்று, இரண்டு என்று போட்டு எழுதினேன். ஒன்று: கோயிலில் பகவான் முன்னிலையிலோ முனிவர் முன்னிலையிலோ, இத்தனை நாள் என்று வாய்விட்டுச் சொல்லி நோன்பு எடுக்க வேண்டும். இரண்டு: முடிகிற நாள் முன்னாலேயே தெரியும். அன்று பாரணை, அதாவது நோன்பை முடித்துச் சாப்பிடுவது. மூன்று: பாரணைக்கு முதல் கவளத்தை வேறு ஒருவர் கையால் வாங்கிச் சாப்பிடுவார்கள், வீடே கூடியிருக்கும். எழுதிக்கொண்டே வந்த என் கை மூன்றில் நின்றுவிட்டது. அவர் கேட்கவில்லை. அவர் கேட்க வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. நான்தான் உன் அம்மாவைப் பார்த்துக் கேட்டேன், உனக்குப் பாரணை என்னிக்கு என்று.

"நான் எதுவும் எடுக்கலியே," என்றாள். "பசிக்கல. அவ்ளோதான். அண்ணிதான் நோன்புன்னாங்க. நோன்புன்னா யாரும் திட்டல, தொந்தரவு பண்ணல. சரி, அப்டியே இருக்கட்டும்னு இருந்துட்டேன்." பிறகு, "முடிக்கிற நாள் எனக்குத் தெரியாதுங்க" என்றாள்.

தீயை மிதித்த மாதிரி இருந்தது. பிறந்ததிலிருந்து நோன்பு பார்த்தவன் நான். எண்ணுவதையே தொழிலாக வைத்திருப்பவன். இவள் சாப்பிடாத நாட்களை எண்ணினேன், கவளத்தை எண்ணினேன், ஐம்பத்தேழிலிருந்து கழித்துப் பார்த்தேன். பாரணை என்றைக்கு என்கிற, நம் வீட்டுச் சின்னப் பிள்ளையும் கேட்கிற கேள்வியை மட்டும் நான் கேட்கவில்லை, அக்கா கேட்கவில்லை, காலில் விழுந்த ஒருத்தியும் கேட்கவில்லை. நோன்பில் ஒரு குற்றமும் இல்லை. நோன்பு எது என்று நன்றாகத் தெரிந்த நாங்கள்தான், இல்லாத நோன்புக்குள் ஒருத்தியை உட்கார வைத்துக் கும்பிட்டோம்.

அங்கேயே, உன்னை மடியில் வைத்துக்கொண்டே, வடை விஷயத்தைச் சொன்னேன். அவலூர்பேட்டைக் கடை, இருட்டிய பிறகு, நாலு வடை, எத்தனை மாதமாக, எல்லாம். இதைக் கேட்டு அவள் உடைந்துபோவாள் என்று பயந்தேன். அவள் என்னைப் பார்த்தாள். பல நாள் கழித்து என் முகத்தை நேராகப் பார்த்தது அப்போதுதான். "தெரியுங்க. சட்டையில எண்ணெ வாசனை வரும்ல. நீங்க சாப்ட்டது எனக்கு ஒண்ணுமில்ல. வந்ததும் ஒரு நாளாவது சாப்டியான்னு கேப்பீங்கன்னு பாத்தேன்."

இந்தப் பக்கத்தில் சாப்டியா என்பது வணக்கம் மாதிரி. வழியில் போகிறவனைக் கேட்கிறோம். கம்பத்தில் ஏறப் போகிற லைன்மேனைத் தினமும் காலையில் நான் கேட்கிறேன். வெறும் வயிற்றில் ஏறினால் தலை சுற்றும் என்பது விதி. இந்த நாலு மாதத்தில் என் மனைவியை ஒரு முறைகூடக் கேட்கவில்லை. நான் எதுவும் சொல்வதற்கு முன் டாக்டரம்மா நேரமாகிவிட்டது, மீதியை அடுத்த வாரம் பேசலாம் என்று எழுந்துவிட்டார். அப்போது கோபமாக இருந்தது. இப்போது யோசித்தால், நான் ஏதாவது சொல்லி அதையும் கெடுத்திருப்பேன்.

அன்று சாயங்காலம் அக்காவிடம் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப பட்டினி கிடந்தவ கால்லதான் எல்லாரையும் விழ வச்சேனாடா" என்றாள். மறுநாள் இரண்டு பெண்கள் தரிசனத்துக்கு வந்தார்கள். அக்கா வாசலிலேயே நின்று, அவளுக்கு மனசு சரியில்லை, வைத்தியம் நடக்கிறது, அப்புறம் வாங்க என்று அனுப்பினாள். நான் பயந்த பெயர் வாசலில் விழுந்தது. வீடு இடிந்துவிடவில்லை. போன இரண்டு பெண்களில் ஒருத்தி கால் மணி நேரத்தில் திரும்பி வந்து, அந்த அம்மா என்னிக்கு வருவாங்க என்று அக்காவிடம் காதோடு கேட்டுவிட்டுப் போனாள்.

இன்று நாலாவது புதன்கிழமை. டாக்டரம்மா இருவரிடமும் நேராகச் சொன்னார்: பேச்சு மட்டும் போதாது, உடம்பு மிகவும் தளர்ந்திருக்கிறது, தூக்கத்துக்கும் மனசுக்கும் மருந்து வேண்டும். பிரசவத்துக்குப் பிறகு இப்படி வருவது உண்டு, அவர் பார்த்திருக்கிறார், அது யாருடைய சாபமும் இல்லை. வேலூரில் குடும்பத்தோடு தங்கிச் சிகிச்சை பார்க்கிற இடம் இருக்கிறது, பிள்ளையைப் பிரிக்க மாட்டார்கள். உன் அம்மா ஒன்றுதான் கேட்டாள்: இவரும் வருவாரா? நான் வருவேன் என்றேன். தளவானூரில் எட்டுக் கம்பம் பாக்கி என்பது ஒரு நொடி நினைவுக்கு வந்தது, அதையும் மறைக்கவில்லை.

வீட்டுக்கு வந்தோம். மூன்றரை மணிக்கு அக்கா இலை போட்டாள், பாசிப்பருப்பும் நெய்யும். முதல் கவளத்தைப் பாரணை மாதிரி தன் கையால் கொடுக்கப் போனாள். உன் அம்மா தலையை அசைத்தாள். "நானே சாப்டுறேன் அண்ணி." நானும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். மலை மேல் நல்ல வெயில் இருந்தது. ஏழாவதோடு கையை எடுத்துக்கொண்டாள். இன்னும் ஒண்ணு என்று என் வாய் வரை வந்தது, தண்ணீரைக் குடித்தேன். நீ தவழ்ந்து போய் அவள் இலையில் கையை வைத்தாய். அவள் உன்னைத் தூக்கவில்லை. ஆனால் உன் விரலில் ஒட்டிய பருக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்து, முந்தானையால் துடைத்தாள். அவள் கை முதுகுக்குப் பின்னால் போகவில்லை.

அவள் குணமாவாளா என்று எனக்குத் தெரியாது. வேலூரில் என்ன சொல்வார்கள் என்று தெரியாது. ஒன்று மட்டும் தெரிந்துகொண்டேன், அதை உனக்குச் சொல்லிவிடுகிறேன். உன் மனைவி சோர்ந்து உட்கார்ந்தால் கோளாறு எங்கே என்று கம்பம் கம்பமாகத் தேடாதே. அதற்கு ஒரு நல்ல பெயர் வைத்து மூடாதே. அவள் பேசுவதற்கு நீ அல்லாத ஒருவரைத் தேடிக் கொடு, கதவுக்கு வெளியே உட்கார், உள்ளே என்ன நடந்தது என்று கேட்காதே. என்னைவிட உனக்குப் பொறுமை இருக்கும் என்று நம்புகிறேன். நீ அவள் வயிற்றில் பிறந்தவனும் கூட.

மணி ஐந்தாகப் போகிறது. இனி செய்ய வேண்டியவை:

1. நாளை காலை ஆபீசில் லீவு எழுதிக் கொடுப்பேன். காரணம் என்ற இடத்தில் காய்ச்சல் என்று போட மாட்டேன். மனைவிக்கு மனநலச் சிகிச்சை என்று எழுதுவேன். லைன்மேன் படித்தால் படிக்கட்டும்.

2. தளவானூர் எட்டுக் கம்பத்தை இன்னொரு சூப்பர்வைசரிடம் ஒப்படைப்பேன். அவன் கோணலாக நடுவான். நான் போய்ப் பார்க்க மாட்டேன்.

3. வெள்ளிக்கிழமை காலை வேலூர் பஸ். நாலு பேர்: உன் அம்மா, நீ, அக்கா, நான். தூளித் துணியை மறக்கக் கூடாது.

4. அங்கே டாக்டரிடம் நான் பார்த்ததைச் சொல்வேன், நினைத்ததைச் சொல்ல மாட்டேன். வடையையும் சொல்வேன். எத்தனை நாளில் சரியாகும் என்று ஒரே ஒரு முறை கேட்பேன்.

5. திரும்பி வந்ததும் புதன்கிழமை அதே பெஞ்சு. இந்த முறை எனக்காக. ஜெபமாலைப் பெரியவர் கேட்டால் ஒத்துக்கொள்வேன்.

6. உன்னைத் தூக்கி அவள் மடியில் வைக்க மாட்டேன். அவள் கை வரும்போது வரட்டும்.

7. இன்று ஒரு நோன்பு எடுக்கிறேன். முறைப்படி எடுக்கிறேன், உன் முன்னிலையில், வாய்விட்டு, முடிகிற நாளையும் சொல்லி. வெயில் மலைக்குப் பின்னால் போவதற்குள் வீட்டுக்கு வருவேன், சாப்டியா என்று கேட்பேன், அவள் என்ன பதில் சொன்னாலும் எண்ண மாட்டேன். ஆரம்பம் இன்று. பாரணை, இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுக்கிற நாள். அன்றைக்கு முதல் கவளத்தை உன் அம்மா கையால் வாங்கிக்கொள்வேன்.